குப்பைக்குப் போகும் கோரைத் தாள்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இளங்கலைத் தாவரவியல் படிக்கும் மாணவர்கள் செய்முறைத் தேர்வுக்கு முன்பு செடிகளைப் பறித்து, அழுத்தி உலர்த்தி, தாளில் பொருத்தி ஒப்படைப்பது நம் கல்லூரிகளில் நெடுநாள் வழக்கம். ஹெர்பேரியம் தாள் என்பார்கள். வெளித்தேர்வாளர் வருவார், புரட்டிப் பார்ப்பார், மதிப்பெண் போடுவார். அதோடு அந்தத் தாளின் ஆயுள் முடிந்துவிடுகிறது. அடுத்த ஆண்டு கட்டுகளுக்கு அலமாரியில் இடம் வேண்டும் என்று பழைய கட்டுகள் எடைக்குப் போகின்றன. சில இடங்களில் பின்கட்டில் வைத்து எரித்துவிடுகிறார்கள். அந்தக் கட்டுகளில் இருக்கும் கோரைகளைப் பற்றித்தான் இக்கடிதம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, வாய்க்கால் கரையெல்லாம் கோரை கதிர்விட்டு நிற்கும் நாள்களில் மாணவர்கள் செடி பறிக்கக் கிளம்புவார்கள். அதற்கு முன்னால் இதைச் சொல்லியாக வேண்டும்.

ஆவாரையையும் ஊமத்தையையும் நல்ல புகைப்படத்தை வைத்தே அடையாளம் சொல்லிவிடலாம். கோரையில் அது நடக்காது. ஆற்றங்கரையில் எடுத்த கோரைப் படத்தைக் காட்டி இது எந்தக் கோரை என்று கேட்டால், எவ்வளவு அனுபவம் உள்ளவரும் ஊகம்தான் சொல்ல முடியும். கடுகைவிடச் சிறிய காயை லென்சில் வைத்துப் பார்த்த பிறகே உறுதியாகப் பெயர் சொல்ல முடிகிற செடி அது. ஆகவே ஓர் ஆற்றின் கரையில் ஒரு கோரை இருந்தது என்பதற்குத் தாள் ஒன்றே சாட்சி. அதைத்தான் எரிக்கிறோம்.

கோரை என்ற சொல்லுக்குள் பல செடிகள் அடங்கிக் கிடக்கின்றன. தோட்டக்காரரின் தீராத தலைவலியும் சித்த மருந்துக் கடையில் முத்தக்காசும் ஆன கோரைக்கிழங்கு, சைப்பரஸ் ரொட்டண்டஸ். நெல்வயலில் பயிரோடு பயிராக எழும்பும் சைப்பரஸ் இரியாவும் சைப்பரஸ் டிஃபார்மிஸும் வேறு. மணற்பாங்கான நிலத்தில் சிறு கிழங்குக்காக மக்கள் தோண்டித் தின்ற சிலந்தியரிசி, சைப்பரஸ் பல்போசஸ். சம்பு என்று நாம் சொல்வது கோரைக் குடும்பமே அல்ல. பழுப்பு நிறத்தில் உருளைபோல் கதிர்விடும் அது வேறொரு குடும்பம். இவ்வளவையும் "கோரைப்புல்" என்று ஒரே பெயரில் எழுதி ஒப்படைத்த தாள்களை எல்லாக் கல்லூரிகளிலும் பார்க்கலாம். புல்லும் கோரையும் ஒன்றல்ல என்பதற்குத் தண்டை இரு விரலுக்கிடையே உருட்டினாலே போதும். புல்லின் தண்டு உருண்டை, கணு இருக்கும், கணுக்களுக்கு நடுவே பெரும்பாலும் உள்ளே வெற்றிடம். கோரைத் தண்டு பொதுவாக முப்பட்டை. பூங்கொத்து வரை கணு தட்டாது. உள்ளே பஞ்சுபோல் சோறு நிறைந்திருக்கும். தண்டு உருண்டையாக இருக்கும் கோரைகளும் உண்டு என்பதால் இலையையும் பார்க்க வேண்டும். புல்லில் இலைகள் இரண்டு வரிசை, கோரையில் மூன்று.

இவற்றுள் எங்கள் அக்கறை பாய்க்கோரையின் மேல். புவிசார் குறியீடு பெற்ற பத்தமடைப் பாய் இந்தக் கோரையில்தான் பிறக்கிறது. அறிவியல் பெயர் சைப்பரஸ் பங்கோரெய். அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நம் "கோரை" அதற்குள் ஒலிப்பது காதில் விழும். பெயர் வைத்தவர் கோபன்ஹேகனில் இருந்த தாவரவியலாளர் ரோட்பெல், ஆண்டு 1773. அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. லின்னேயஸின் மாணவரான கோனிக் 1760-களின் இறுதியில் டேனிஷ் மிஷனின் மருத்துவராகத் தரங்கம்பாடிக்கு வந்து, இங்கிருந்து உலர்த்தி அனுப்பிய செடிகள் ரோட்பெல்லின் கைக்குப் போய்ச் சேர்ந்தன. கப்பலில் மாதக்கணக்கில் பயணம் செய்த காய்ந்த செடியை வைத்து ஒருவர் எழுதிய வருணனை 250 ஆண்டுகள் கழித்தும் நிற்கிறது என்றால், அந்தச் செடி ஒழுங்காக அழுத்தப்பட்டு ஒழுங்காகக் காக்கப்பட்டது என்று பொருள்.

பிறகு வந்த தாவரவியலாளர் ராக்ஸ்பர்க் இதே செடிக்குப் "பாய்களுக்குரியது" என்று பொருள்படும் டெஜிட்டம் என்ற பெயரைச் சூட்டினார். மேற்கு வங்கத்தின் மேதினிபூரில் மாதுர் பாய் நெய்வதும் இந்தக் கோரையில்தான். 19-ஆம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் பிரிட்டிஷ் இந்தியத் தாவரங்களைத் தொகுத்தபோது கோரைக் குடும்பத்தை எழுதிய கிளார்க், இதைத் தனிச் சிற்றினமாகக் கொள்ளாமல் சைப்பரஸ் கொரிம்போசஸின் ஒரு வகையாக வைத்தார். இன்று மீண்டும் தனிச் சிற்றினமாகவே கொள்கிறோம். விளைவு, ஒரே செடியின் தாள்கள் மூன்று பெயர்களில் மூன்று உறைகளுக்குள் இருக்கலாம். பங்கோரெய் என்று மட்டும் தேடி, "நம் மாவட்டத்தில் பதிவே இல்லை" என்று முடிவுகட்டும் ஆய்வேடுகள் இப்படித்தான் தவறுகின்றன. டெஜிட்டத்தையும் கொரிம்போசஸையும் திறந்து பார்க்காமல் அந்த வாக்கியத்தை எழுதக் கூடாது.

பாய்க்கோரைப் பதிவுகளில் இன்னொரு குறை உண்டு; எங்கள் கணக்கில் இதுவே பெரிய குறை. இந்தச் செடி ஆற்றோரம் தானாகவும் வளர்கிறது. வயலில் நட்டும் வளர்க்கப்படுகிறது. காவிரிக் கரையில் கரூர், நாமக்கல் பகுதிகளில் கோரை தனிச் சாகுபடி. ஒரு தாளில் ஒட்டிய விவரச் சீட்டில் "ஆற்றங்கரை" என்று மட்டும் இருந்தால், அது தானாக முளைத்ததா, கரையோர வயலில் நட்டதா என்பது ஒருவருக்கும் தெரியாது. காட்டுச் செடியின் பரவலை வரைபடமாக்க நினைப்பவர் அந்தப் புள்ளியைச் சேர்த்தாலும் தப்பு, விட்டாலும் தப்பு. பறித்தவருக்கு அன்று கண்ணெதிரே தெரிந்த விஷயம். இரண்டு சொல் எழுதியிருந்தால் போதும். "நட்டது", "தானாக வளர்ந்தது", "சாகுபடி வயலிலிருந்து வரப்புக்குத் தப்பி வந்தது". இந்த மூன்றில் ஒன்று சீட்டில் இருந்தே ஆக வேண்டும்.

இனிப் பறிக்கும் முறை.

மாணவர்கள் செய்யும் முதல் தவறு கதிரை மட்டும் ஒடித்துவருவது. கோரைக்கு அடியும் வேண்டும், நுனியும் வேண்டும். கைப்பிடி மண்வெட்டியால் தூரைச் சுற்றி ஒரு சாண் ஆழம் தோண்டி, மண்ணோடு பெயர்த்து, வாய்க்கால் தண்ணீரிலேயே அலசுங்கள். இழுத்துப் பிடுங்கினால் கிடைத்தண்டு மண்ணுக்குள் அறுந்து நின்றுவிடும். இரண்டு தண்டுகளையாவது இணைக்கும் கிடைத்தண்டு தாளில் இருக்க வேண்டும். அதன்மேல் உள்ள செதில்களைத் தேய்த்துக் கழுவிவிடக் கூடாது. அடியிலுள்ள இலையுறைகள் முக்கியம். அவற்றின் நுனியில் இலை நீள்கிறதா, உறையோடு நின்றுவிடுகிறதா என்பது பங்கோரெய்யையும் அதன் உறவுகளையும் பிரிக்கும் இடங்களில் ஒன்று. சேறு படிந்து அழுகிய உறை என்று கருதிக் கிள்ளி எறிந்துவிடுகிறார்கள். அடையாளமும் அதோடு போய்விடுகிறது.

தண்டின் குறுக்குவெட்டை அந்த இடத்திலேயே பார்த்துவிடுங்கள். அழுத்தி உலர்த்திய பிறகு எல்லாத் தண்டும் தட்டைதான். உருண்டையா, மழுங்கிய முப்பட்டையா, கூர்மையான முப்பட்டையா என்பதைப் பூங்கொத்துக்குக் கீழே ஓரிடத்திலும் தண்டின் நடுவில் ஓரிடத்திலும் வெட்டிப் பார்த்துக் குறிக்க வேண்டும். வெட்டுமுகத்தை ஸ்டாம்ப் பேடில் ஒற்றிக் குறிப்பேட்டில் பதித்தால் வரையும் வேலையும் மிச்சம். சைப்பரஸ் ஆர்ட்டிகுலேட்டஸ் என்னும் கோரையின் தண்டை விரலால் வருடினால் உள்தடுப்புகள் வரிசையாகத் தட்டுப்படும். அதையும் பச்சையில் எழுதிவைப்பதே நல்லது.

எந்தப் பருவத்துக் கதிரைப் பறிப்பது? பளபளப்பாக, இளம்பச்சையாக, படத்துக்கு அழகாக இருக்கும் கதிர் வேண்டாம். சிறுகதிரின் அடிப்பக்கத்து உமிகள் உதிரத் தொடங்கியிருக்க வேண்டும். நுனிப் பக்கத்தில் இன்னும் சூல்முடிகள், அதாவது பூவில் மகரந்தத்தை ஏற்கும் நுனிகள், நூலிழைபோல் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அப்படிப்பட்ட கதிரில் முற்றிய காயும் இருக்கும், பூவும் இருக்கும். காய் அடியிலிருந்து முற்றிக்கொண்டு மேலே போவதால் இது வாய்க்கிறது. சாகுபடி வயலில் இதைத் தேடினால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். பாய்க்கு வேண்டியது பசுந்தண்டு. காய் முற்றும்வரை அறுக்காமல் விடுவதில்லை. வரப்பு ஓரத்திலும், மதகுக்குக் கீழேயும், அரிவாள் எட்டாத மூலையிலும் தேடுங்கள்.

உள்ளங்கையில் ஒரு சிறுகதிரைத் தேய்த்து, உதிர்வதை 10 மடங்கு லென்சில் பாருங்கள். இரு வரிசையாக அடுக்கிய உமிகள். ஒவ்வோர் உமியின் மடியிலும் ஒரு காய். காய்க்கு மூன்று பட்டை இருந்தால் பூவில் சூல்முடி மூன்று. இரு பக்கமும் குவிந்து அவரைப் பருப்புபோல் தட்டையாக இருந்தால் சூல்முடி இரண்டு. தட்டையான காயின் விளிம்பு சிறுகதிரின் நடுக்காம்பைப் பார்த்து இருந்தால் அது பைக்ரியஸ் என்னும் கோரைக் கூட்டம். சிறுகதிர் முழுசாகக் கழன்று விழுகிறதா, உமிகள் ஒவ்வொன்றாக உதிர்ந்து நடுக்காம்பு எலும்புபோல் நிற்கிறதா என்பதும் கேள்வி. சைப்பரஸ் ரொட்டண்டஸிலும் பங்கோரெய்யிலும் உமிதான் உதிரும், கில்லிங்கா என்னும் கோரைக் கூட்டத்தில் சிறுகதிரே விழும். காயின் தலையில் சூல்தண்டின் அடி பொத்தான்போல் ஒட்டிக்கொண்டிருந்தால் அது பல்போஸ்டைலிஸ் என்னும் கூட்டம். அந்த அடி கழன்று போயிருந்தால் ஃபிம்பிரிஸ்டைலிஸ் கூட்டத்தைப் பார்க்க வேண்டும். இத்தனையும் அந்தத் துளியூண்டு காய் சொல்லும் சேதி. உலர்ந்த தாளிலும் இதைப் பார்க்கலாம்: ஒரே ஒரு சிறுகதிரை எடுத்து, கொதித்த நீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டுச் சில நிமிடம் ஊறவைத்தால் இளகிக்கொடுக்கும். அதற்காகத்தான் தாளின் ஓரத்தில் காகிதப் பொட்டலம் ஒட்டி, உதிர்ந்த காய்களை அதில் போட்டுவைக்கச் சொல்கிறோம். பொட்டலம் இல்லாத கோரைத் தாளில் இரண்டே ஆண்டில் நடுக்காம்பு மட்டும் மிஞ்சும்.

நம் ஹெர்பேரியங்களில், அதாவது உலர்செடிக் காப்பகங்களில், புழங்கும் தாள் 42 செ.மீ.க்கு 28 செ.மீ. மேலும் கீழும் இரண்டு செ.மீ. விட்டால் 38 செ.மீ. நீளம் கைக்கு வரும். ஆகவே தண்டை இரண்டு இடத்தில் மடித்தால் 114 செ.மீ. வரை ஒரே தாளில் அடங்கும். பாய்க்கோரை அதற்கும் மேலே போவது உண்டு. அப்போது தண்டை மூன்றாக வெட்டி, அடி, நடு, நுனி என மூன்று தாளில் வைத்து, மூன்றிலும் ஒரே சேகரிப்பு எண்ணைப் போட்டு, "மூன்றில் ஒன்று" என்ற விதமாகக் குறிக்க வேண்டும். மொத்த உயரத்தைச் செடி நிற்கும்போதே அளந்து எழுதுங்கள். பத்துத் தண்டை அளந்தால் இன்னும் நல்லது. கீழெல்லை, மேலெல்லை இரண்டையும் எழுதலாம். மடிக்கும் இடத்தை நகத்தால் முதலில் நசுக்கிவிட்டு மடியுங்கள். உள்ளே சோறு இருப்பதால் வெறுமனே மடித்தால் விர்ரென்று நிமிரும். கீறல் போட்ட அட்டைத் துண்டு ஒன்றை மடிப்பு முனையில் மாட்டிவிட்டால் உலரும்வரை அசையாது.

உலர்த்தும்போது காகிதம் மாற்றுவதில்தான் சோம்பல் வருகிறது. 24 மணி நேரத்துக்குள் முதல் மாற்றம். பிறகு இரண்டு நாள் தினமும். அதன்பின் ஒருநாள் விட்டு ஒருநாள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் இதைத் தவறவிட்டால் மூன்றாம் நாளே இலையுறைக்குள் பூஞ்சணம் பூத்துவிடும். கதிர் சீக்கிரம் காயும், கிடைத்தண்டு காயாது. விரல் பருமன் உள்ள கிடைத்தண்டை நீளவாக்கில் பிளந்து அழுத்துங்கள். கன்னத்தில் வைத்தால் சில்லென்று இருந்தால் ஈரம் இன்னும் போகவில்லை. கோரைக்கிழங்கைப் பற்றித் தனியே எச்சரிக்க வேண்டும்: அழுத்தியில் இருக்கும்போதே முளைவிடும் செடி அது. கிழங்கைப் பிளக்கவோ, ஒரு நிமிடம் கொதிநீரில் அமிழ்த்தவோ செய்யாவிட்டால், தாளைத் திறக்கும்போது வெளிறிய முளை நீண்டு கிடக்கும். அவசரத்துக்கு இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து உலர்த்துவது இப்போது பரவிவருகிறது. சூட்டில் நொறுங்கும் தன்மை வந்து, தாளைத் தூக்கியதும் சிறுகதிர்கள் கொட்டிவிடும்.

ஒட்டுவதிலும் கேடு நடக்கிறது. செடி முழுவதும் பசையைப் பூசி ஒட்டினால் பின்பக்கத்தைப் பார்க்க வழியே இல்லை. செல்லோ டேப் சில ஆண்டுகளில் மஞ்சளாகிக் கழன்றுவிடும்; அதன் பசை செடியில் தங்கிவிடும். தாளை லேமினேட் செய்வது எல்லாவற்றிலும் மோசம். உள்ளே இருக்கும் காயை யாரும் இனித் தொட முடியாது. பருத்தி நூலால் நாலைந்து இடத்தில் தைப்பது போதும், பெரிய மடிப்புகளுக்குப் பசைத்துணிப் பட்டை. பூச்சிக்கு மெர்குரிக் குளோரைடு கலந்த சாராயத்தில் முக்குவது பழைய முறை. கொடிய நஞ்சு, மாணவர் கையில் அதைக் கொடுக்கவே கூடாது. பழைய தாள்களிலும் அது படிந்திருக்கலாம் என்பதால் கையுறை போட்டே புரட்டுங்கள். மாற்று வழி எளிது: கட்டைப் பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி, உறைபெட்டியில் கழித்தல் 18 பாகையில் இரண்டு வாரம் வைத்து எடுக்கலாம். வெளியே எடுத்ததும் பையைப் பிரித்துவிடாதீர்கள். அறைச் சூட்டுக்கு வர ஒருநாள் விட வேண்டும். இல்லையேல் பனித்துளி செடிமேல் கோர்த்துக்கொள்ளும்.

இவ்வளவும் செய்து சீட்டு சரியில்லை என்றால் அது வெறும் வைக்கோல். இங்கே நாங்கள் கொஞ்சம் கறாராகவே பேசுவோம். "இடம்: திருநெல்வேலி. தேதி: 2023." இப்படி எழுதிய சீட்டுக்கு மதிப்பெண் கொடுக்கவே கூடாது. மாதிரிக்கு எப்படி இருக்கலாம் என்றால்: "திருநெல்வேலி மாவட்டம், பத்தமடை, ஊருக்கு வடக்கே தாமிரபரணியின் தென்கரை, தண்ணீர் விளிம்பிலிருந்து 3 மீட்டர், வண்டல் மண், கணுக்கால் அளவு தேங்கிய நீர், தானாக வளர்ந்தது, ஏறத்தாழ 10 மீட்டருக்கு 2 மீட்டர் பரப்பில் அடர்த்தியாக, அருகே சம்பு, தண்டு 90 முதல் 130 செ.மீ., மழுங்கிய முப்பட்டை, கரும்பச்சை, சிறுகதிர் செம்பழுப்பு, ஊர்ப்பெயர் பாய்க்கோரை, பாய் முடைபவர்கள் அறுக்கிறார்கள்." இதற்குமேல் பறித்தவர் பெயர், அவருடைய தொடர் எண், நாள். தொடர் எண் என்பது வாழ்நாள் முழுக்க ஒன்று, இரண்டு, மூன்று என்று வளர வேண்டிய எண். ஆண்டுக்கு ஆண்டு ஒன்றிலிருந்து தொடங்கினால் அதே எண்ணில் மூன்று செடி வந்து நிற்கும். மாதத்தை ரோமன் எண்ணில் எழுதும் பழைய வழக்கத்தைக் கைவிடாதீர்கள். 3-7 என்று எழுதினால் ஒருவர் ஜூலை 3 என்பார், இன்னொருவர் மார்ச் 7 என்பார். செடி பூக்கும் பருவமே நான்கு மாதம் நகர்ந்துவிடும்.

பழைய சீட்டுகளைக் கணினியில் ஏற்றும் பணி இப்போது பல இடங்களில் நடப்பது மகிழ்ச்சி. இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் கோவைத் தென்மண்டல அலுவலகத்தில் இருக்கும் மதராஸ் ஹெர்பேரியமும், திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியமும் நம் மாநிலத்தின் பெருஞ்செல்வம். ஆனால் தட்டச்சில் புகும் பிழைகள் காகிதப் பிழைகளைவிட வேகமாகப் பரவும். ஓர் எடுத்துக்காட்டு. பத்தமடையின் இருப்பிடம் ஏறத்தாழ வடக்கு 8 பாகை 40 கலை, கிழக்கு 77 பாகை 35 கலை. 60 கலை ஒரு பாகை. ஆகவே தசமத்தில் இது 8.67, 77.58. இதை 8.40, 77.35 என்று அப்படியே தட்டிவிட்டால், கோரை 40 கி.மீ. அளவுக்குத் தென்மேற்கே நகர்ந்து, கன்னியாகுமரி மாவட்டத்துப் பேச்சிப்பாறை வட்டாரத்தில் போய் முளைக்கும். அகலாங்கும் நெட்டாங்கும் இடம் மாறினால் இன்னும் விபரீதம்: வட துருவத்தை ஒட்டிய ஸ்வால்பார்டு தீவுகளுக்கு மேற்கே கடலில் பாய்க்கோரை வளர்வதாக வரைபடம் காட்டும். கட்டத்தைக் காலியாக விட்டால் சுழியம், சுழியம் என்று பதிந்து மேற்கு ஆப்பிரிக்காவுக்குத் தெற்கே கினி வளைகுடாவில் விழும். தமிழ்நாட்டுப் பதிவு எதுவும் அகலாங்கு 8 முதல் 13.6-க்குள்ளும், நெட்டாங்கு 76 முதல் 80.4-க்குள்ளும் இருக்க வேண்டும் என்று ஒரே ஒரு சோதனை வைத்தால் கடலில் விழும் பிழைகள் தடுக்கப்படும். பேச்சிப்பாறைப் பிழையை அது பிடிக்காது. அதற்கு மாவட்டப் பெயரோடு ஒப்பிட வேண்டும்.

மாவட்டப் பெயரிலும் கண்ணி இருக்கிறது. ஆங்கிலேயர் காலத்துச் சீட்டில் டின்னவேலி ஜில்லா என்று இருந்தால், இன்றைய தூத்துக்குடியும் தென்காசியும் அதில் அடக்கம். தூத்துக்குடி பிரிந்தது 1986-இல், தென்காசி 2019-இல். அந்தச் சீட்டுக்கு நெல்லை நகரத்தின் நடுப்புள்ளியைக் கொடுத்தால் அது பொய். அதைவிட "மாவட்டம் மட்டுமே தெரியும், பிழை எல்லை இத்தனை கிலோமீட்டர்" என்று பதிவது நேர்மை. 19-ஆம் நூற்றாண்டில் தென்னிந்தியச் செடிகளைத் திரட்டிய ராபர்ட் வைட் சேகரிப்பின் தாள்கள் உலகெங்கும் போயிருக்கின்றன. அவற்றில் பலவற்றில் இடம் என்ற பகுதியில் இந்தியத் தீபகற்பம் என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. அவற்றிலுள்ள எண்ணும் இன்று நாம் சொல்லும் களச் சேகரிப்பு எண் அல்ல, சிற்றினத்துக்குக் கொடுத்த பட்டியல் எண். ஒரே எண்ணில் வெவ்வேறு இடத்துச் செடிகள் இருக்கலாம். ஆண்டு மட்டும் உள்ள சீட்டுக்கு மென்பொருள் தானாகவே ஜனவரி 1 என்று போட்டுவிடுவதையும் கவனியுங்கள். நம் கோரைகள் எல்லாம் புத்தாண்டு அன்றே பறிக்கப்பட்டதுபோல் ஒரு வரைபடம் வந்தால் காரணம் அதுதான்.

பெயர் தவறு என்று தெரிந்தால் பழைய சீட்டை அடிக்கவோ கிழிக்கவோ கூடாது. பக்கத்தில் சிறு சீட்டு ஒன்றில் திருத்திய பெயர், திருத்தியவர், ஆண்டு எழுதி ஒட்டுங்கள். சில தாள்களில் நான்கு, ஐந்து சீட்டு அடுக்காக இருக்கும். ஒவ்வொரு காலத்திலும் அறிஞர்கள் என்ன எண்ணினார்கள் என்பது அந்த அடுக்கில் இருக்கிறது.

தாவரவியல் துறைகளிடம் எங்கள் வேண்டுகோள் பெரிதல்ல. ஒரு மாணவர் ஒப்படைக்கும் தாள்களில் ஒன்றாவது கோரையாக இருக்கட்டும். அந்த ஒன்றை மேலே சொன்னபடி, கிடைத்தண்டும் காயும் பொட்டலமும் முழுச் சீட்டும் சேர்த்து, மூன்று படியாகச் செய்யச் சொல்லுங்கள். இருபது அரைகுறைத் தாளுக்குக் கொடுக்கும் மதிப்பெண்ணை ஐந்து முழுத் தாளுக்குக் கொடுங்கள். மாணவருக்கும் பாரம் குறையும், செடிகளுக்கும் தொல்லை குறையும். ஒரு படி கல்லூரியில் நிற்கட்டும். மற்ற இரண்டைக் கோவைக்கோ திருச்சிக்கோ அனுப்பலாம். முன்கூட்டியே எழுதிக் கேட்டு, அவர்கள் விதிப்படி அனுப்ப வேண்டும், சீட்டு சரியில்லாத தாளை அவர்கள் வாங்க மாட்டார்கள். காப்புக்காட்டுக்குள் பறிப்பதென்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் கை வைக்காதீர்கள். சாகுபடி வயல் என்றால் உரியவரிடம் கேட்டுவிட்டுப் பறியுங்கள். நான்கு தண்டுக்கு யாரும் மறுப்பதில்லை, எந்த மாதம் நட்டது என்ற தகவலும் கூடவே கிடைக்கும்.

பல்கலைக்கழகப் பாடத்திட்டக் குழுக்களுக்கும் ஒரு வரி. தேர்வு முடிந்த தாள்களைக் கழிவாகக் கருதி அப்புறப்படுத்தும் முன்பு, துறைத் தலைவர் ஒருமுறை புரட்டி, இடமும் நாளும் உள்ளவற்றைப் பிரித்தெடுக்க வேண்டும் என்று விதி செய்யுங்கள். தாமிரபரணிக் கரையில் சீமைக் கருவேலமும் ஆகாயத்தாமரையும் ஏறாத நாளில் எந்தப் படித்துறையில் எந்தக் கோரை நின்றது என்பதைப் பழைய கட்டு ஒன்று இன்னும் சொல்லக்கூடும்.

கடைசியாக, உங்கள் நாளிதழோடு நேரடித் தொடர்புள்ள ஒரு செய்தி. செடிகளை உலர்த்த நாங்கள் பயன்படுத்துவது பழைய செய்தித்தாள்களைத்தான். வழவழப்பான விளம்பரத் தாள் ஈரத்தை உறிஞ்சாது, சாதாரணத் தாளே உகந்தது. ஒட்டாமல் கிடக்கும் பழைய கட்டு ஒன்று கையில் கிடைத்து, சீட்டும் காணாமல் போயிருந்தால், உடனே தூக்கி எறிந்துவிடாமல் செடி மடித்து வைத்திருக்கும் செய்தித்தாளின் தலைப்பைப் பாருங்கள். எந்த ஊர்ப் பதிப்பு, எந்தத் தேதி என்பது அதில் இருக்கும். அந்தத் தேதிக்கு முன்னால் அந்தச் செடி அந்தத் தாளுக்குள் போயிருக்க முடியாது. பெரும்பாலும் அதை ஒட்டிய சில வாரங்களில் போயிருக்கும். தொலைந்த சீட்டுக்கு ஈடாகாது என்றாலும், பென்சிலால் தாளின் மூலையில் "உறையிட்ட செய்தித்தாளின் தேதி இது" என்று குறித்து, அந்தத் தலைப்புப் பகுதியைக் கத்தரித்துப் பொட்டலத்தில் போட்டுவைக்கலாம்.

இப்படிக்கு,
தாவரவியல் ஆசிரியர்கள் சிலர்,
திருநெல்வேலி.